அட்டாலிக்குப் போன உப்புச் சாடி

கல்லுப்பு நனைந்தால் ஒரு வாசனை வரும். மழை நாளில் உப்புச் சாடியைத் திறந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனால், கிணற்றுப் படியின் பாசியும் பழைய இரும்பும் நம் விரலின் வேர்வையும் கலந்தது போல ஒரு வாசனை. அது மூக்கில் பட்டால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை அரிக்கும், யாராவது பார்க்கிறார்களா என்று கண் தானாகப் பின்னால் திரும்பும். அறுபத்துநாலு வயதாகிவிட்டது, பேரப்பிள்ளைகள் எடுத்துவிட்டேன், என் வீட்டு உப்பை நான் எடுக்க யாருக்குப் பயப்பட வேண்டும்? ஆனாலும் பயம் வருகிறது. அது ஏன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லாதவள் நான். படிப்பும் நாலாம் வகுப்போடு நின்றுபோன படிப்பு. பேசுவதைவிட எழுதுவது கொஞ்சம் லேசாக இருக்கும் என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வடகரப்பதிப் பக்கம். கேரளம்தான் என்றாலும் எங்கள் தோட்டத்து வேலியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் கோயமுத்தூர் ஜில்லா வந்துவிடும். காகிதத்தில் எழுதுவதெல்லாம் மலையாளம், ஏசுவதும் கொஞ்சுவதும் தமிழ். மானம் பார்த்த பூமி. கடலைக்காயும் சோளமும்தான் வெள்ளாமை. எழுபதுகள் தொடங்கியிருந்த அந்தச் சமயத்தில் எனக்குப் பத்து வயது, என் அக்கா சரசுவுக்குப் பதினேழு. எங்களுக்கு நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனாலேயே எங்கள் இருவரில் யார் தும்மினாலும் அம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடிவருவாள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் கடலைக்காய் ஆய்கிற நாட்களைத்தான் சொல்ல வேண்டும். செடியிலிருந்து காயைப் பறித்துக் குவிக்கும் பெண்களுக்குக் கூலி காயாகவே அளக்கப்படும். அப்பாவுக்கு வேறு வேலை இருந்தால் படியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவார். அவள் அளந்தால் படி மட்டத்தில் நிற்காது, கோபுரமாக ஏறும். ஏறியது சரிந்து முறத்தில் விழுந்தால் அதையும் அவர்கள் மடியிலேயே தள்ளிவிடுவாள். அப்பா திரும்பி வந்து குவியலைப் பார்த்துவிட்டுச் சொல்வார், "இவள அளக்க உட்டா நமக்குத் தொலிதான் மிஞ்சும்." அதற்கு அக்கா, "தொலி மாட்டுக்கு ஆகுமுங்கப்பா" என்பாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். அதை மறைக்கத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அக்கட்டால் போய்விடுவார்.

நோன்பிக்கு, அதாவது பண்டிகைக்கு, பாவாடைத் துணி எடுத்தால், எனக்கு ஒன்று அவளுக்கு ஒன்றுதான். தையல்காரரிடம் போய் யாருக்கும் தெரியாமல் தன் பாவாடையைச் சுருக்கம் குறைத்துத் தைக்கச் சொல்லி, மிஞ்சின துணியில் எனக்கு இன்னொரு சட்டை தைத்துக் கொண்டுவருவாள். குறுகலான பாவாடையில் அவளால் எட்டிக் கால் வைக்க முடியாது. அத்தை பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, தளை போட்ட கழுதையாட்ட நடக்கறே?" என்று கேலி செய்வார். "பொம்பளப் புள்ள அடக்கமா நடக்கோணும்னு நீங்கதானுங்க அத்தை சொன்னீங்க" என்பாள் அக்கா. அத்தை என்றால் அப்பாவின் தங்கை, பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. மாதம் ஒருமுறை வருவார்.

சீக்கு வந்ததை முதலில் பார்த்ததும் அந்த அத்தைதான். ஆனால் அவர் அதைச் சீக்கு என்று பார்க்கவில்லை. "சரசு நல்லாப் பூசினாப்பல ஆயிட்டா, இந்தத் தையில கல்யாணத்த முடிச்சுப்போடலாமுங்கண்ணா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு ஒரு நாள் அக்கா தன் கண்ணாடி வளையலைக் கழற்றி எனக்குப் போட்டுவிடப் பார்த்தாள், அது மணிக்கட்டிலேயே இறுகி நின்றது. சோப்புப் போட்டும் வரவில்லை. காலையில் எழுந்தால் கண் இரண்டும் தேனீ கொட்டினாற்போல் மூடிக் கிடக்கும், மத்தியானத்துக்கு மேல் முகம் வடிந்து கால் வீங்கும். அம்மா அவள் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். விரலை எடுத்த இடத்தில் பிசைந்த மாவில் பதிந்தது போல ஒரு குழி அப்படியே நின்றது.

டவுன் ஆசுபத்திரியில் இருபது நாள் வைத்திருந்தார்கள். மூத்திரக்காய் கெட்டுப்போயிருக்கிறது என்றார்கள். மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பும்போது மலையாளத்து டாக்டர் அம்மாவைப் பார்த்து, "உப்பு பாடில்ல. ஒட்டும் பாடில்ல" என்றாராம். உப்பு கூடாது, துளிக்கூடக் கூடாது. அம்மா பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் கால்கூடக் கழுவாமல் அடுப்பங்கரைக்குப் போய் உப்புச் சாடியைத் தூக்கி "அட்டாலி"யில் வைத்தாள். அட்டாலி என்பது அடுப்புக்கு மேலே பலகை அடித்த பரண். புகை பட்டுக் கறுத்துக் கிடக்கும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அடுப்பில் ஏறின எதிலும் உப்பு இல்லை. அப்பாவும் அம்மாவும் நானும் "பொடக்காலி"யில், அதாவது வீட்டுப் பின்புறத்தில், முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து, வட்டல் ஓரத்தில் உப்பு வைத்துப் பிசைந்து தின்போம், அக்கா கண்ணில் படக்கூடாது என்று. அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள், "ஏனுங்கப்பா, வெயில்ல உக்காந்து உண்ணோணுமா? உள்ளாற வாங்க. எனக்கு ஒண்ணும் ஏக்கமில்லீங்க." அப்பா தலையைக் குனிந்துகொண்டு வேகவேகமாக அள்ளிப் போட்டுக்கொள்வார்.

என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அம்மா காட்டு வேலைக்குப் போகிற நேரம் அக்காவுக்குத் துணை வேண்டும். "பத்தியம் முறிஞ்சுதுன்னா உன்னத்தான் கேப்பேன்" என்று அம்மா என்னிடம் சொன்னாள். சொல்லும்போது கோபமில்லை, என்னிடம் கெஞ்சுவது போல இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் பிடித்தது. காவல் எனக்கு, பூட்டு இல்லாத பெட்டிக்குக் காவல்.

அக்கா சாப்பிடவில்லை. உப்பில்லாத சோற்றை உருட்டி வாயில் வைப்பாள், மென்று மென்று கண்ணை மூடி விழுங்குவாள், நாலாவது வாய்க்கு வட்டலைத் தள்ளிவிடுவாள். ஒரே ஒரு நாள்தான், அதுவும் சிரித்துக்கொண்டு, "மண்ணத் திங்கறாப்பல இருக்குது அம்மிணி" என்றாள். அதைச் சொன்னதற்கே வெட்கப்பட்டவள்போல, "அம்மாகிட்டச் சொல்லிப்போடாத, பாவம் அவ" என்றாள்.

அந்தச் சொல் என்னை அரித்தது. எங்கள் வீட்டில் எருது தீனி எடுக்காவிட்டால் அப்பா என்ன செய்வார் என்று நான் பார்த்திருக்கிறேன். வாயைப் பிளந்து பிடித்து, நாக்கை ஒரு பக்கமாக இழுத்து, கல்லுப்பை வைத்துப் பரபரவென்று தேய்ப்பார். எச்சில் ஊறி, அன்று சாயங்காலமே எருது சோளத்தட்டைக் கடிக்க ஆரம்பித்துவிடும். எருதுக்கு ஆகும் வைத்தியம் அக்காவுக்கு ஆகாதா? டாக்டர் சோற்றில்தானே போடக்கூடாது என்றார், நாக்கில் ஒரு கல் வைத்துக்கொண்டால் பசி எடுக்கும், பசி எடுத்தால் தின்பாள், தின்றால் எழுந்துவிடுவாள். பத்து வயதுப் புத்திக்கு அது அவ்வளவு சரியாக இருந்தது.

ஆட்டுக்கல்லின் மேல் ஏறி, அங்கிருந்து அடுப்பு மேடையில் ஒரு காலை வைத்து, அட்டாலிப் பலகையைப் பிடித்து எம்பினால் சாடிக்குள் கை போகும். பாவாடை நுனியில் இரண்டு மூன்று கல்லை முடிந்துகொண்டு அக்காவிடம் போவேன். உப்பைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் சண்டை மூண்டு உறவு விட்டுப்போகும் என்பார்கள். அதனால் கட்டில் சட்டத்தின் மேல் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வேன். முதல் நாள் அக்கா உப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏதம்மிணி இது?" என்றாள். எருதுக் கதையைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்புப் பொங்கி இருமல் வந்துவிட்டது. "அப்ப நான் எருதா? கொம்பு எங்க?" என்று என் இரண்டு விரலைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். பிறகு, "நீ வாசல்ல போயி அம்மா வருதான்னு பாரு, நான் வாயில போட்டுக்கறேன்" என்றாள்.

நான் வாசலில் போய் நின்று காட்டுப் பாதையையே பார்த்துக்கொண்டிருப்பேன். நெஞ்சு அடித்துக்கொள்ளும். திரும்பி வரும்போது சட்டத்தில் உப்பு இருக்காது, அக்கா கன்னத்தை ஒதுக்கி எதையோ சப்புவது போல வாயை அசைத்து, "ஊறுது அம்மிணி, நல்லா ஊறுது" என்பாள். அன்று நிஜமாகவே இரண்டு வாய் கூடத் தின்பாள். எனக்குத் தலைகால் புரியாது.

ஆனால் மறுநாள் காலையில் அம்மா அக்காவின் காலை அழுத்திப் பார்க்கும்போது எனக்கு உயிர் போய் உயிர் வரும். குழி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மனசுக்குள் எண்ணுவேன். பத்து எண்ணுவதற்குள் நிரம்பிவிட்டால் உப்பு ஒன்றும் செய்யவில்லை என்று மூச்சு விடுவேன். இருபது தாண்டினால், இன்றைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று சாமிக்குச் சத்தியம் செய்வேன். மத்தியானம் அவள் சோற்றைத் தள்ளிவிடுவதைப் பார்த்ததும் சத்தியம் மறந்துவிடும். இப்படி ஆனி கழிந்து ஆடி பிறந்தது. கணவாய்க் காற்று ஊளையிட்டு, சாரலை அள்ளிக்கொண்டு வந்து வீட்டுக்குள் அடித்தது. சுவர், துணி, விறகு எல்லாம் ஈரம். அம்மா அக்காவுக்குத் தலை வாரிவிட வந்தவள் தலையணையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, தலகாணி இப்பிடி நனஞ்சு கெடக்குது? அழுதியா?" என்று கேட்டாள். "வேர்த்துதும்மா" என்றாள் அக்கா. "இந்தக் குளுருக்கு வேர்க்குமா?" என்று அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தலையணையை எடுத்து வெயிலில் போடப் போனவளை, "வெயிலே இல்லையேம்மா, அது கெடக்கட்டும்" என்று அக்கா விடவில்லை.

ஒரு நாள் நான் அப்போதுதான் முடிச்சை அவிழ்த்தேன், அம்மா பொடக்காலி வழியாக உள்ளே வந்துவிட்டாள். மண்வெட்டியை மறந்துவிட்டுப் போயிருந்தாளாம். சட்டத்தில் வைக்க நேரமில்லை. உப்பை அப்படியே அக்காவின் கைக்குள் திணித்தேன். அவள் விரலை மூடிக்கொண்டாள். வீங்கின அந்தக் கை சுட்டது, மூட முடியாமல் மூடியது. அம்மா போகும் வரைக்கும் அந்தக் கை போர்வைக்குள் இறுகியே இருந்தது. அம்மா போன பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. கைக்குக் கை. நான் அழுதுகொண்டே, "கையில குடுத்துப்போட்டேனே அக்கா, நமக்குச் சண்டை வந்துருமே" என்றேன்.

அக்கா என்னைக் கட்டிலில் ஏற்றிப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். "நீயும் நானும் என்னைக்கு அம்மிணி சண்டை போட்டோம்? அப்பிடியே வந்தாலும் வரட்டும், நானே வந்து ராசியாகிக்கறேன். போதுமா?" என்றாள். பிறகு, "இனிமேல்ட்டுக் கொண்டார வேண்டாம். ஆட்டுக்கல்லுல ஏறி உழுந்து வெச்சீன்னா உன்னப் பாக்கறதுக்கும் ஆளில்ல இங்க" என்றாள். அவள் மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள்.

அதற்குப் பிறகு நான் கொண்டுபோகவில்லை. ஆறாம் நாள் அக்காவுக்கு மூச்சு அடைத்தது. காலில் குழி விழுந்தால் நிரம்பவே இல்லை, நான் எண்ணி எண்ணி எனக்குத் தெரிந்த எண்ணெல்லாம் தீர்ந்துபோனது. ஆசுபத்திரிக்கு வண்டி கட்டினார்கள். வண்டியில் ஏற்றும்போது, "அம்மிணி சாப்பிட்டுதா?" என்று அவள் என்னைப் பற்றிக் கேட்டது என் காதில் விழுந்தது. மறுநாள் மத்தியானம் வண்டி திரும்பி வந்தது. அப்பா வண்டியில் உட்காரவில்லை, எருதுகளுக்குப் பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்.

காரியம் முடிந்தபின் அவள் படுத்திருந்த துணிமணியை வெளியே எடுத்துப் போட்டார்கள். தலையணை உறையை அம்மா உருவினாள். பஞ்சுக்கு நடுவில், பழைய சேலைக் கிழிசலில் கட்டின ஒரு முடிச்சு கிடந்தது. முடிச்சும் சுற்றியிருந்த பஞ்சும் சொதசொதவென்று நனைந்திருந்தன. அவிழ்த்தால் உப்பு, கரைந்தது போக மிச்சம் ஏழெட்டுக் கல். அம்மா அதை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். பிறகு மாரில் அடித்துக்கொண்டு, "பாவி மகளே, உப்பத் திருடித் தின்னே உசுர உட்டுட்டியே" என்று கத்தினாள். அத்தை ஓடிவந்து பார்த்துவிட்டு, "அந்தப் புள்ள அடுத்தவிய பொருளத் தொடாத புள்ளையாச்சே அண்ணி" என்றார். "இத பாருங்க, கண்ணால பாருங்க" என்று அம்மா கையை நீட்டினாள்.

நான் சோளக் குதிருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குதிருக்குப் பின்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாததை நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு என்பது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா அதைச் சொன்னாள். "பத்தியம் இருக்கச் சொன்னாங்க, திருட்டுத்தனமாத் தின்னுபோட்டா." வருஷம் போன பிறகும் சொன்னாள். என் கல்யாணத்தன்று, அக்கா இருந்திருந்தால் என்று யாரோ ஆரம்பித்தபோதும் சொன்னாள். தன்னிடம் இருந்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்தவளுக்கு ஊரில் நின்ற பேர் அதுதான். நான் ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொண்டு அங்கிருந்து எழுந்து போவேன்.

தின்றிருந்தால் அது தலையணையில் எப்படி இருக்கும் என்கிற எளிய கேள்வி அம்மாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் வெகுநாள் தோன்றவில்லை. பயம் கண்ணை மறைத்துவிடுகிறது. என் மூத்த மகன் கைக்குழந்தையாக இருந்தபோது, ஓர் ஆடி மாதம், சாடியில் உப்பு பாதிக்குமேல் தண்ணீராகிக் கிடந்ததைக் கீழே ஊற்றினேன். ஊற்றிக்கொண்டே இருக்கும்போது அந்த நனைந்த தலையணை நினைவுக்கு வந்தது. அவ்வளவு பஞ்சு நனைய வேண்டுமென்றால் எவ்வளவு உப்புக் கரைந்திருக்க வேண்டும்! நான் கொண்டுபோய் வைத்ததையெல்லாம் அவள் வாயை அசைத்து அசைத்து ஏமாற்றிவிட்டு, அங்கேதான் போட்டுவைத்திருக்கிறாள். வேண்டாம் என்றால் என் முகம் வாடும், தின்றால் அம்மா வாக்கு முறியும், வெளியே எறிய எழுந்து நடக்க முடியாது. என்னை நம்பவைக்கத்தான் இரண்டு வாய் கூடத் தின்றாள் போலிருக்கிறது. வெறும் மண்ணை.

எல்லாமே அங்கேதான் கிடந்ததா, ஒன்றிரண்டையாவது ஆசைக்கு நாக்கில் வைத்தாளா? உப்பு கரைந்துவிட்டது, இனி எண்ணிப் பார்க்க வழியில்லை. ஒன்றுமே தின்னவில்லை என்று நினைத்தால் எனக்குப் பயம் தெளிகிறது, ஆனால் வயிறு எரிகிறது. தின்றாள் என்று நினைத்தால் வயிறு குளிர்ந்து பயம் வந்துவிடுகிறது.

அம்மா கடைசிக் காலத்தில் என்னோடுதான் இருந்தாள். ஒரு நாள் மத்தியானம் காய் நறுக்கிக்கொண்டே துணிந்து, "அம்மா, அக்கா உப்புத் திருடல" என்றேன். அவள் நிமிர்ந்து, "அப்ப யாரு கொண்டாந்தது?" என்று கேட்டாள். பத்து வயதில் அடித்துக்கொண்ட அதே நெஞ்சு. "எலி இழுத்துட்டு வந்துருக்கும்" என்றேன். "எலி முடிச்சுப் போடுமாடி?" என்று பொக்கை வாயால் சிரித்தாள். சிரித்து முடித்து வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, யாரிடமும். தெரிந்துகொண்டாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வருவதற்குள் அவளும் போய்விட்டாள்.

இப்போது அந்த வீடு இல்லை. அட்டாலி இருந்த இடத்தில் சிமெண்டுச் சுவரும் கேஸ் அடுப்பும் இருக்கின்றன. ஆட்டுக்கல் வாசலில் கவிழ்ந்து கிடக்கிறது. உப்பு மாவாகப் பொடித்து நெகிழிப் பையில் வருகிறது, எந்த மழைக்கும் நனைவதில்லை, வாசனையும் இல்லை. மருமகள் அந்தப் பையைக் கைக்குக் கை நீட்டுகிறாள். நான் வாங்குவதில்லை, "அங்க வெய்யி கண்ணு" என்பேன். அவளுக்கு அது விளையாட்டாக இருக்கும். ஒரே ஒருமுறை கையில் கொடுத்துவிட்டேன், வாங்கினவள் சண்டைக்குக்கூடத் திரும்பி வரவில்லை.

அக்காவை அறிந்தவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் இது படட்டும். அட்டாலியில் ஏறி உப்பை எடுத்தவள் நான். என் அக்கா சரசு எதையும் திருடவில்லை. நான் கொடுத்ததை மறுக்க மனசில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டாள்.